பாதியில் நிறுத்திய மாத்திரை

பஸ்ஸுக்கு உடம்பு கட்டும் பட்டறையில் அவர் வெல்டர். கூரைக்காக வளைத்த இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பற்றவைக்கும் பிரிவில் பல வருடமாக நின்றவர். தீப்பொறிக்கும் இவருக்கும் ஒரே குணம் என்று பெயின்டர் ஒருநாள் சொல்லப்போக, அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் 'பொறி' ஆகிவிட்டார். அந்தப் பெயர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. "உங்க பொறி வந்தாச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கும் அவர் மனைவி, "வந்தாச்சு, இன்னும் அணையல" என்பாள்.

அவருடைய கோபமெல்லாம் சில்லறைக் கோபம். வரிசையில் குறுக்கே நுழைகிறவன், குழாயைச் சொட்டவிட்டுப் போகிற மகள், 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்கிற ஃபோர்மேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். ஆறாத கோபம் என்று ஒன்று அவருக்கு நாற்பத்தோரு வயதில்தான் வந்தது.

அந்தக் குடும்பத்தில் சிறுநீரக நோய் பரம்பரைச் சொத்து மாதிரி இறங்கி வந்தது. சிறுநீரகத்தில் நீர்க்கொப்புளங்கள் முளைக்கும். வலிக்காது, தெரியாது. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பெருத்து, வேலை செய்கிற சதையை நசுக்கிக்கொண்டே வந்து, ஒருநாள் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிடும். அம்மா ஐம்பதைத் தாண்டவில்லை. அண்ணனுக்கு நாற்பத்தைந்தில் இரண்டும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தை மெஷினில் விட்டுக் கழுவி வாங்கிக்கொண்டு வருவார். பொறியின் ஸ்கேனிலும் கொப்புளங்கள் இருந்தன. பிறகு மகளின் ஸ்கேனிலும்.

அவருக்கு முப்பத்தாறு வயது நடந்தபோது, அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கொப்புளம் பெருப்பதை மெதுவாக்குகிற ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது. எலிகளில் பார்த்தாகிவிட்டது. இனி மனிதர்களில் பார்க்க வேண்டும்.

"சீக்கிரம் தெரியாதுங்க," என்றார் டாக்டரம்மா. "கிட்னி கெடாம இருக்கான்னு பாக்கணும்னா, கெடவேண்டிய காலம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பத்து வருஷம் ஆகும். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"நான் எங்க போகப்போறேன்? இங்கதான் இருப்பேன்," என்றார் பொறி.

சொன்னபடி இருந்தார். காலையும் மாலையும் மாத்திரை. அது நிஜ மாத்திரையா, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் வெறும் மாத்திரையா என்று அவருக்கும் தெரியாது, எடுத்துக் கொடுக்கிற நர்சுக்கும் தெரியாது. ஆனால் அதை விழுங்கிய நாளிலிருந்து அடங்காத தாகம். குடித்த தண்ணீரெல்லாம் உடனே வெளியே போனது. வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவார். "என்னப்பா, பஸ் கட்டுறியா, டேங்க் கட்டுறியா?" என்று பெயின்டர் கிண்டல் செய்வார். அவ்வப்போது ஒரு நாள் முழுவதற்கான சிறுநீரையும் கேனில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தக் கேனைப் பட்டறையில் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். பெயின்டர் ஒருமுறை அதைப் பெயின்ட் கரைக்கும் தின்னர் என்று நினைத்துத் திறந்து, பிரஷ்ஷையும் உள்ளே விட்டுவிட்டார். அன்றைக்குப் பட்டறையில் மத்தியானம் வரை வேலை ஓடவில்லை.

ஐந்து வருடம் இப்படிப் போனது. ஆய்வைக் கண்காணிக்கும் நிபுணர்கள் நடுவில் ஒருமுறை எண்களைப் பார்த்தார்கள். மாத்திரை வேலை செய்கிற மாதிரிதான் தெரிகிறது, தொடரலாம் என்றார்கள். டாக்டரம்மா அதைச் சொன்ன அன்று, பொறி மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு போனார். காரணம் கேட்டதற்கு, "சும்மா" என்றார்.

சில மாதம் கழித்து ஆய்வில் இருந்த எல்லோரையும் ஆஸ்பத்திரியின் கூட்ட அறைக்கு வரச்சொன்னார்கள். காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். டீ கொடுத்தபோதே தனக்குச் சந்தேகம் தட்டியதாகப் பொறி பின்னால் சொன்னார். மருந்துக் கம்பெனியிலிருந்து டை கட்டிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, இந்த மாதத்தோடு ஆய்வு முடிகிறது என்றார்.

"ஏன், மாத்திரையால யாருக்காச்சும் ஏதாவது ஆயிடுச்சா?" என்று ஒரு பெண் பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லம்மா, பாதுகாப்புல எந்தப் பிரச்சினையும் இல்ல. கம்பெனியோட முன்னுரிமைகள் மாறியிருக்கு."

பொறி எழுந்துவிட்டார். "முன்னுரிமைன்னா என்னங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. மருந்து கெட்டுப்போச்சா?"

"இல்ல சார்."

"நாங்க ஒழுங்கா சாப்பிடலையா?"

"நீங்க எல்லாரும் ரொம்ப நல்லா ஒத்துழைச்சீங்க. அதுக்கு நன்றி சொல்லத்தான்..."

"நன்றியை நீங்களே வெச்சுக்குங்க. மாத்திரையைக் குடுங்க."

அதிகாரி பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தார். பொறி அவர் முன்னால் போய் நின்றார். கை ஓங்கவில்லை, ஆனால் ஓங்கிவிடுவாரோ என்று எல்லோரும் நினைத்தார்கள். டாக்டரம்மாதான் அவர் கையைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மாவின் முகமும் சிவந்துதான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "கேளுங்க. ஒரு மருந்தைக் கண்டுபிடிச்சவங்களுக்கு இருபது வருஷம் அதை அவங்க மட்டும் விக்கலாம்னு உரிமை குடுக்கறாங்க. ஆனா அந்த இருபது வருஷம் மருந்து கடைக்கு வர்ற அன்னிக்கு ஆரம்பிக்கல. கண்டுபிடிச்சுப் பதிவு பண்ண அன்னிக்கே ஆரம்பிச்சிடுது. எலி ஆராய்ச்சியிலேயே ஏழு வருஷம் போச்சு. நம்ம ஆய்வு முடியறதுக்குள்ள மிச்சமும் ஓடிடும். அப்புறம் யார் வேணா செய்யலாம், விலை இறங்கிடும். காசு போட்டவங்களுக்கு ஒண்ணும் நிக்காது."

"அப்ப எந்த மருந்துக்குத்தான் காசு போடுவாங்க?"

"சீக்கிரம் ரிசல்ட் தெரியறதுக்கு. நோய் முத்தினவங்களுக்குக் குடுத்தா மூணு மாசத்துல தெரிஞ்சிடும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும் இல்ல? அந்த அரிப்புக்கு ஒரு மருந்து வெச்சிருக்காங்க. நம்ம பணம் அங்க போகுது."

பொறிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "கிட்னி போகாம இருக்க மருந்து இல்ல. போனப்புறம் சொறியறதுக்கு மருந்து. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"உங்களுக்குக் கோபம் வரலையா டாக்டரம்மா?"

"வருது. உங்களுக்குத்தான் சத்தம் வருது."

ஆய்வு முடிந்ததால் யாருக்கு எந்த மாத்திரை என்று மூடி வைத்த விவரத்தைத் திறந்தார்கள். பொறி சாப்பிட்டது நிஜ மாத்திரை. ஐந்து வருடத்தில் அவர் சிறுநீரகம் பெருக்கவே இல்லை என்று சொல்லலாம். அன்று வீட்டுக்கு வந்தவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே முழங்கையைச் சொறிந்தார், முதுகைச் சுவரில் தேய்த்தார். அவர் தோலெல்லாம் கீறல், போர்வையில் ரத்தப் பொட்டுகள்.

"அந்த அரிப்பு மருந்து எப்போ வருமாம்?" என்று கேட்டார் அண்ணன்.

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீ என்ன கேக்கற?"

"டேய், நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? உன் கோபம் நியாயம்தான். அதுக்காக நான் சொறிஞ்சுகிட்டே கிடக்கணுமா?"

அந்தக் கேள்வியை அண்ணன் வாயிலிருந்தே வரவைத்துவிட்டார்களே என்று பொறிக்குக் கம்பெனி மேல் இன்னும் ஒரு மடங்கு கோபம் ஏறியது.

யோசனை சொன்னது மனைவி. "பங்கு வெச்சிருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு கூட்டம் நடத்துவாங்களாம். ஒரே ஒரு பங்கு இருந்தாக்கூட உள்ள விட்டுத்தான் ஆகணுமாம். வாங்கிடுவோமா?"

"அவனுக்கு நான் காசு குடுக்கறதா?"

"சினிமாவுக்குப் போனதா நெனச்சுக்குங்க."

ஒரு பங்கு வாங்கினார்கள். கூட்டம் நடந்த மண்டபத்தில் காலடியில் கம்பளம், நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை. பொறி இஸ்திரி போட்ட சட்டையில் போயிருந்தார். கைகளில் மட்டும் வெல்டிங் பொறி பட்ட கரும்புள்ளிகள். கேள்வி கேட்கும் நேரம் வந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"நான் பஸ் பட்டறைல வெல்டர். உங்க மாத்திரையை அஞ்சு வருஷம் சாப்பிட்டேன். எனக்கு வேலை செஞ்சுது. அதை ஏன் நிறுத்தினீங்க?"

கம்பெனித் தலைவர் ஐம்பது வயதுப் பெண்மணி. மரியாதையாகவே பேசினார். "உங்க நிலைமைக்கு வருந்தறேன். அது நல்ல மருந்து, நாங்க மறுக்கல. ஆனா இங்க இருக்கறவங்களோட பணத்துக்கு நான் பொறுப்பு. சட்டம் குடுக்கற காலத்துக்குள்ள திரும்பி வராத ஒண்ணுல அந்தப் பணத்தைப் போட்டா, என்னை இந்த நாற்காலில விட்டுவைக்க மாட்டாங்க. விட்டுவைக்கவும் கூடாது."

கை தட்டினார்கள். பொறி மைக்கை விடவில்லை. "தட்டினவங்கள்ல ஒருத்தர் எழுந்திருங்க. எழுந்து நின்னு என் மகளுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குச் சொல்லிக்குடுங்க."

யாரும் எழவில்லை. மைக்கில் சத்தம் நின்றுபோனது. காவலர் ஒருவர் வந்து தோளில் கை வைத்தார்.

வெளியே படிக்கட்டில் நின்றபோது இளைஞர் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர். "சார், நீங்க எந்தப் பட்டறை?" என்று கேட்டார். பொறி சொன்னார். இளைஞரின் முகம் ஒருமாதிரி ஆனது.

"சார், உங்க தொழிற்சங்கத்தோட ஓய்வூதிய நிதியைப் பாத்துக்கறது நான்தான். இந்தக் கம்பெனில உங்க பணமும் இருக்கு. அந்த ஆய்வை நிறுத்தச் சொல்லிக் கேட்டவங்கள்ல நானும் ஒருத்தன்."

"நீயா?"

"உங்களுக்காகத்தான் சார் கேட்டேன்."

பொறி அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் ஒருவர் மேல் கை வைத்தது அந்த ஒரு தடவைதான். இளைஞன் திமிறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "எனக்கு மூணு மாசத்துக்கு ஒருதரம் லாபத்தைப் பாத்து மார்க் போடறாங்க சார். ரெண்டு தடவை குறைஞ்சா என்னை மாத்திடுவாங்க. மார்க் போடறது உங்க சங்கம்தான்."

கை தானாக நழுவியது.

அடுத்த சங்கக் கூட்டம் பட்டறை கேன்டீனில் நடந்தது. பொருளாளருக்கு 'ரசீது' என்று பெயர். எதற்கும் ரசீது கேட்பவர். பொறி மேஜையைத் தட்டினார். "நாம வேலையை விட்டு நிக்கறப்ப வாங்கற பணம் அது. இருபது, முப்பது வருஷம் காத்துக்கிட்டுக் கிடக்கற பணம். அதை ஏன் மூணு மாசத்துக்கு ஒருதரம் கழுத்தைப் பிடிச்சு லாபம் கேக்கறோம்?"

"சும்மா விட்டுட்டு, நாளைக்குக் காணோம்னா நீ குடுப்பியா?" என்றார் ரசீது.

"என்னை அஞ்சு வருஷம் காத்திருக்க வெச்சாங்க, நான் எதையாவது கேட்டனா? என் உடம்பைக் குடுத்துட்டு இருந்தேன். உங்க பணத்தால காத்திருக்க முடியாதா?"

பெயின்டர் எழுந்தார். கேனைத் திறந்து மாட்டிக்கொண்ட அதே பெயின்டர். "தப்பா நெனச்சுக்காதப்பா. ரெண்டு வருஷத்துல நான் வேலையை விட்டுடுவேன். பெயின்ட் அடிச்சு நெஞ்சு அடைச்சுப்போச்சு. பத்து வருஷம் கழிச்சு வர்ற லாபத்தை வாங்க நான் இருப்பேனா? உன் பொண்ணு எனக்கும் பொண்ணுதான். ஆனா என் சோத்துல கை வைக்காத."

கை தூக்கச் சொன்னார்கள். ஆய்வைத் திரும்பத் தொடங்கும்படி கம்பெனியைக் கேட்பது என்று, நூலிழை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. பெயின்டர் கை தூக்கவில்லை. அதன்பிறகு இருவரும் ஒரே ஷெட்டில், ஒரே பஸ்ஸின் இரண்டு பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்தார்கள்.

கம்பெனி பதில் அனுப்பியது. உங்கள் கவலை புரிகிறது. சட்டத்தை மாற்றினால் நாளைக்கே தொடங்கத் தயார்.

"சரி, சட்டத்தை மாத்துவோம்," என்றார் டாக்டரம்மா. நீண்ட ஆய்வு தேவைப்படும் மருந்துகளுக்கு, கடைக்கு வந்த நாளிலிருந்து உரிமைக் காலத்தைக் கணக்கிட வேண்டும் என்பது கோரிக்கை. அரசாங்கமே பணம் போட்டு ஆய்வை நடத்தட்டும் என்றுதான் பொறி முதலில் கேட்டார். அதற்கு நிதி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் வந்தார். டாக்டரம்மாவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் சட்டம் போடுகிறவர்களின் குழு ஒன்று அவரைப் பேச அழைத்தது.

பேசினார். அம்மாவைப் பற்றி, அண்ணனைப் பற்றி, மகளைப் பற்றி. பேசி முடித்ததும் பின்னால் பலத்த கைதட்டல். திரும்பிப் பார்த்தார். டை கட்டிய அதிகாரியும் கம்பெனி ஆட்களும் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். பங்குதாரர் கூட்டத்தில் மைக்கை அணைத்தவர்கள் இப்போது அவருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள்.

வெளியே வந்து மனைவியிடம் சொன்னார். "என் கோபத்தையும் அவங்க வரவுல வெச்சுக்கிட்டாங்கடி. நிறுத்தினதும் அவங்க. இப்ப அதுக்குக் கூலியா விக்கற உரிமைக்கு இன்னும் அதிக வருஷம் கேக்கறதும் அவங்க. கேக்க வாய் மட்டும் என்னுது."

"பேசாம வந்திருக்கலாமா?"

"பேசாம எப்படி வர்றது? பொண்ணு இருக்காளே."

சட்டம் மாறப் பல வருடம் பிடித்தது. மாத்திரை இல்லாத பொறியின் சிறுநீரகங்கள் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. அடுத்தடுத்த ஸ்கேன்களில் கொப்புளங்கள் பெருத்தன. நாற்பத்தேழு வயதில், அண்ணனுக்குப் பக்கத்து மெஷினிலேயே அவருக்கும் இடம் போட்டார்கள். அண்ணன் இப்போது சொறிவதில்லை. அரிப்பு மருந்து கடைக்கு வந்துவிட்டிருந்தது. நல்ல மருந்துதான். அண்ணன் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். பொறிக்கும் அரிப்பு வந்தது. முதல் மாதம் அந்த மருந்தைத் தொடமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். பிறகு தோல் கிழிந்து ரத்தம் வந்ததும் வாங்கி விழுங்கினார். விழுங்கும்போது கம்பெனியைத் திட்டின திட்டு வார்டு முழுக்கக் கேட்டது.

பெயின்டர் ஒருநாள் அங்கே வந்தார். வேலையை விட்டிருந்தார், மூச்சு வாங்கியது. படுக்கை ஓரத்தில் நின்று, "கை தூக்கியிருக்கலாம்பா" என்றார்.

"தூக்கியிருந்தாலும் கம்பெனிக்காரன் இதைத்தான் செஞ்சிருப்பான். உக்காரு," என்றார் பொறி. அவ்வளவுதான் பேசினார்கள்.

அடுத்த வருடம் புதுச் சட்டம் வந்தது, ஆய்வு திரும்பத் தொடங்கியது. மாத்திரை அதே மாத்திரை, டாக்டரம்மா அதே டாக்டரம்மா. பொறியைச் சேர்க்க முடியாது, அவருக்குக் காப்பாற்றச் சிறுநீரகம் இல்லை. இருபத்திரண்டு வயது மகளைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் கம்பெனியிலிருந்து கேமராவோடு ஒரு பெண் வந்தாள். டயாலிசிஸ் நாற்காலியில் இருந்த பொறியிடம், "சார், நீங்க பொண்ணு கைல மாத்திரையைக் குடுக்கற மாதிரி ஒரு படம்," என்றாள்.

"எதுக்கும்மா?"

"உங்களாலதான் இது திரும்ப வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியணும் சார்."

"உங்களாலதான் நான் இந்த மெஷின்ல இருக்கேன்னும் எழுதுவியா?"

அவள் கேமராவை இறக்கினாள். பின்னால் நின்ற டை கட்டிய அதிகாரியின் தலை நரைத்திருந்தது. பொறி அவரைப் பார்த்தார். "இந்தத் தடவையாவது நடுவுல நிறுத்தமாட்டோம்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அப்படி எழுதிக் குடுக்கற வழக்கம் இல்ல சார். நிலைமை மாறலாம்."

பொறி எழப் பார்த்தார். கையில் ஊசிகளும் குழாய்களும் இருந்ததால் எழ முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வெளியே போங்க, ரெண்டு பேரும்," என்று கத்தினார். மெஷின் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்தாள். கேமராப் பெண்ணும் அதிகாரியும் பின்வாங்கினார்கள்.

மகள் குழாய் நசுங்காதபடி அவர் கையை நேராக்கி வைத்தாள். நர்ஸ் நீட்டிய மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

"அவர் சொன்னது கேட்டுச்சா?" என்றார் பொறி. "மறுபடியும் நிறுத்துவானுங்க."

"கேட்டுச்சுப்பா. நிறுத்தட்டும். அப்ப நான் கத்தறேன்." தண்ணீர் டம்ளரை எடுத்தாள். "இப்ப நீங்க கையை ஆட்டாதீங்க."